சஹரில் போட்ட மாத்திரை

நான்கு மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிதுக்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, மனைவி தஹ்மீனாவின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார் நிஜாம். பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடப் பெரியதாக இருந்தது. நோன்புக்கு முந்திய சஹர் சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டு அடுக்களையிலும் விளக்கு எரிந்தது.

“நாலையும் ஒரேயடியாவா?” என்றாள் தஹ்மீனா.

“ஒரேயடியாத்தான். டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாக.”

“இந்த நாலை முழுங்குனா அதுவே ஒரு சாப்பாடு. மத்தியானம் பசிக்காது போங்க.” சிரித்தபடி ஒவ்வொன்றாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. கடைசி மாத்திரை இறங்கியதும் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். பிறகு இன்று நோன்பு வைக்கிறேன் என்ற நிய்யத்தைச் சொன்னாள். சற்று நேரத்தில் விடியல் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது.

விருதுநகர் பஜாரில் நிஜாமுக்கு மோட்டார் பம்ப் சாமான் கடை. ஒரு வாஷர் வாங்க வருகிறவன் வாஷரை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. பழைய வாஷர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, அப்படித் தேய்ந்தால் மோட்டார் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எதையும் திறந்து பார்த்து, அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அவருக்கு மனம் அடங்கும். தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லி முடித்தால்தான் அது முழுசாக அடங்கும்.

மகள் நாஜியா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தஹ்மீனாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். சின்ன வயதில் தொண்டை வலியோடு வந்து, மூட்டு மூட்டாக வீங்க வைத்துவிட்டுப் போன ஒரு காய்ச்சல் அவளுடைய இதயத்தின் ஒரு கதவைக் கெடுத்துவைத்திருந்தது. மதுரையில் நெஞ்சைத் திறந்து அந்தக் கதவை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு ஒன்றைத் தைத்து வைத்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் நிஜாம் கடையிலிருந்து ஒரு ஃபுட் வால்வைக் கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடி நுனியில் இருப்பது இது. மோட்டார் இழுக்கும்போது திறக்கும், மோட்டார் நின்றதும் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் மேலே ஏறிய தண்ணீர் முழுவதும் திரும்பக் கிணற்றுக்கே இறங்கிவிடும். நெஞ்சுக்குள் இருப்பதும் இதேபோல ஒருவழிக் கதவுதான், ரத்தம் முன்னால் போகலாம், பின்னால் வரக் கூடாது. “ஒங்க மாமா பொண்டாட்டிய கெணத்துல எறக்காம விட மாட்டாக போல” என்று தஹ்மீனா கட்டிலில் கிடந்தபடியே சொன்னது குடும்பத்தில் ரொம்ப நாள் சொல்லிச் சிரிக்கப்பட்டது.

அந்த வால்வுக்கு ஒரு சத்தம் உண்டு. இரண்டு அரைவட்டத் தகடுகள் திறந்து மூடும்போது கைக்கடிகாரத்தின் முள் நகர்வதுபோல டிக், டிக் என்று கேட்கும். மின்விசிறி நின்றுபோன நேரங்களில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நன்றாகவே கேட்கும். முதல் சில வாரங்கள் அந்தச் சத்தத்தில் நிஜாமுக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது.

இப்போது அவளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, அடியில் சீழ் கட்டியிருந்தது. பல் டாக்டர் ஹர்ஷினி சிவகாசிக்காரப் பெண். வீட்டில் அச்சகத் தொழில், இவள் ஒருத்திதான் பல் பக்கம் வந்தவள். நெஞ்சில் வால்வு இருக்கிறது என்றதும் அவள் உடனே கை வைத்துவிடவில்லை. மதுரை இதய டாக்டரிடம் போனில் பேசினாள், ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாள், பிறகு இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். எல்லோருடைய ஈறிலும் கிருமிகள் இருக்கின்றன. பல்லைப் பிடுங்கும்போது அவை ரத்தத்தில் கலந்துவிடும். சாதாரண இதயத்தின் உட்சுவர் வழுவழுவென்று இருப்பதால் அவற்றுக்கு உட்கார இடம் கிடைக்காது, உடம்பு அடித்துப் போட்டுவிடும். செயற்கை வால்வைச் சுற்றித் தைத்த விளிம்பு இருக்கிறதே, அதில் பிடித்துக்கொள்ளலாம். பிடித்துக்கொண்டால் பக்கு மாதிரி தன்மேல் ஒரு படலத்தை வளர்த்துக்கொள்ளும், அப்புறம் மருந்து உள்ளே நுழைவது கஷ்டம். அதனால்தான் பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக இந்த நாலு மாத்திரை.

நிஜாமுக்கு அந்த விளக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. பாசி என்று அவருக்குள் உடனே விழுந்துவிட்டது. ஃபுட் வால்வின் விளிம்பில் பாசி பிடித்துக் கதவு மூடாமல் போவதை அவர் எத்தனை பார்த்திருக்கிறார்.

சிக்கல் நேரத்தில் வந்தது. தஹ்மீனா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவள். பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் போனால் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும், அதனால் மத்தியானம்தான் பிடுங்குவேன், சாயங்காலம் முடியாது என்று ஹர்ஷினி சொல்லிவிட்டாள். மத்தியானம் என்றால் நோன்பு. நோயாளி நோன்பை விட்டுவிட்டுப் பிறகு ஒரு நாள் களாவாக வைத்துக்கொள்ளலாம் என்பது தஹ்மீனாவுக்குத் தெரியாதது அல்ல. ஆபரேஷன் நடந்த வருஷம் ஒரு ரமலான் முழுவதையும் விட்டவள் அவள். அந்த நோன்புகளை ஒன்றிரண்டாகப் பிடித்து முடிக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். “திரும்பக் கடன் வைக்க என்னால ஆகாது நாஜியாத்தா” என்று புருஷனிடம் சொன்னாள். பெருநாள் வரைக்கும் தள்ளிப்போடவும் வழியில்லை. நாஜியாவுக்குக் கல்யாணமாகி இது தலைப்பெருநாள். கடையநல்லூரிலிருந்து மருமகன் சைஃபுல்லாவின் வீட்டார் எல்லோரும் வருகிறார்கள். வீங்கிய கன்னத்தோடு சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்க அவளுக்கு மனமில்லை.

அப்போதுதான் நிஜாம் வழி சொன்னார். “சஹர்லயே போட்டுரு. வயித்துக்குள்ளதான இருக்கப் போவுது?” மாடித் தொட்டி அவர் மனதில் இருந்தது. விடியற்காலையில் மோட்டார் போட்டு நிரப்பிவிட்டால் பொழுது முழுவதும் எந்தக் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வரும். ஒரு மணி நேரம் முன்னால் நிரப்பினால் என்ன, பாங்குக்கு முன்னால் நிரப்பினால் என்ன?

மத்தியான வெயிலில் அவளைப் பல் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, வண்டிக்கு நிழல் தேடி நிறுத்திவிட்டு அவர் மாடி ஏறியபோது அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டிருந்தார்கள். வெளியே வந்தபோது பஞ்சைக் கடித்தபடி கண்ணால் சிரித்தாள். “மாத்திரை போட்டாச்சான்னு கேட்டாகளா?” என்றார். தலையாட்டினாள். ரத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. ஒரு சொட்டுக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே இருந்து, சூரியன் மறைந்து மஃரிபில் ஆறிய கஞ்சியை வலது பக்கமாக உறிஞ்சி நோன்பு திறந்தாள். நோன்பும் நிலைத்தது, பல்லும் போனது. நிஜாமுக்கு ஒரு மோட்டாரைக் கழற்றாமலே சரி செய்துவிட்ட திருப்தி.

பெருநாள் நன்றாக நடந்தது. சம்பந்தியம்மாள் இரண்டாவது தடவை பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நாஜியா புருஷனோடு ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு ஒரு சாயங்காலம் தஹ்மீனாவுக்குக் குளிர் எடுத்தது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். தெருமுனை டாக்டரிடம் மாத்திரை வாங்கிப் போட்டதும் இறங்கியது. நாலு நாள் கழித்து மறுபடி வந்தது. மறுபடி மாத்திரை, மறுபடி இறங்கியது. “அலைச்சல்தான் வேற என்ன” என்று அவளே சொன்னாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறத் தொடங்கியிருந்ததை இருவரும் கவனித்தார்கள்.

கோட்டைச்சாமி கடைக்கு வந்தது அந்த நாட்களில்தான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். கம்பெனித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ஃபுட் வால்வு வாங்க வந்தவர், ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு புலம்ப ஆரம்பித்தார்.

“புதுசா ஒருத்தனைப் போட்டிருக்கோம் பாய். அவனோட மல்லுக்கட்டியே என் ஆயுசு முடிஞ்சிரும். மருந்து ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல செம்புத் தகடு இருக்குல்லா, அதத் தொட்டுட்டுத்தான போணும்?”

நிஜாமுக்குத் தெரியும். நடக்கும்போதும் துணி உரசும்போதும் உடம்பில் துளி மின்சாரம் ஏறும். வேறு இடத்தில் என்றால் விரலில் சுருக்கென்று ஒரு கடி, அவ்வளவுதான். வெடிமருந்து முன்னால் அந்தத் துளியே போதும். பூமிக்குள் கம்பி இறக்கிய செம்புத் தகட்டைத் தொட்டால் அது இறங்கிவிடும்.

“தொடாம உள்ள போறான். ஏலே, தகடத் தொட்டியாலேன்னு கேட்டா, காலையில வரும்போதே தொட்டுட்டேன் அண்ணாச்சிங்கான். காலையில தொட்டது இப்ப எதுக்குலே ஆகும்? வெளிய போயி ஒரு நட நடந்துட்டு வந்தா திரும்ப ஏறிக்கிடும்லா? எப்ப உள்ள போறியோ அப்பத் தொடணும்லே. இது வெளங்கல அவனுக்கு. நீங்கதான் நல்லா வெளக்கிச் சொல்லுவீக, ஒருநா வந்து சொல்லிட்டுப் போங்க பாய்.”

நிஜாம் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையிலிருந்த வால்வைக் காகிதத்தில் சுற்றினார். சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுபோனது. என்ன பாய் என்று கோட்டைச்சாமி கேட்டது காதில் விழுந்தது. ஒன்றுமில்லை என்றார். அவர் போன பிறகு கடைக்குள்ளே போய், குழாய்க் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஹர்ஷினிக்குப் போன் போட்டார்.

“அந்த நாலு மாத்திரை போட்டமே, அது ஒடம்புல எம்புட்டு நேரம்மா நிக்கும்?”

“ரொம்ப நேரம் நிக்காது அங்கிள். ஒரு மணி நேரத்துல ரத்தத்துல நல்லா ஏறிடும், அப்புறம் கிட்னி வழியா மளமளன்னு வெளிய போயிரும். அஞ்சாறு மணி நேரத்துல பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. அதனாலதான் கரெக்டா ஒரு மணி நேரம் முன்னாடி போடச் சொல்றது. ஏன் கேக்குறீங்க?”

“சும்மாத்தான்மா.”

“ஆன்ட்டிக்குக் காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லையே?” என்றாள் ஹர்ஷினி. “விட்டு விட்டு வருதும்மா” என்றார் அவர். “அங்கிள், வேற மாத்திரை எதுவும் குடுக்காதீங்க. இன்னைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே.”

தொட்டி அல்ல, அது குழாய். நான்கு வழிச் சாலையில் காரின் பின்சீட்டில் அவள் தலை அவர் தோளில் சாய்ந்திருக்க, வழி முழுவதும் நிஜாமின் மனதில் இந்த ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு எதையும் தேக்கி வைப்பதில்லை. உள்ளே ஊற்றுவது ஊற்றிய நேரத்திலிருந்தே வடியத் தொடங்கிவிடுகிறது. பாங்குக்கு முன்னால் ஊற்றியது, சூரியன் உச்சிக்கு வந்தபோது முழுக்க வடிந்திருக்கும். பல் பிடுங்கிய நேரத்தில் குழாய் காய்ந்து கிடந்திருக்கிறது. இப்படி விளங்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு விஷயத்தைப் பற்றி அவருக்குத் தோன்றியது.

மதுரையில் இதய டாக்டர் ஜெயச்சந்திரன் தொண்டை வழியாகக் குழாய் இறக்கிப் படம் எடுத்தார். திரையை நிஜாம் பக்கம் திருப்பிக் காட்டினார். கறுப்பும் வெள்ளையுமாக இதயம் துடித்துக்கொண்டிருந்தது. வால்வின் விளிம்பில், ஓடுகிற தண்ணீரில் பாசி இழை ஆடுவதுபோல ஒன்று ரத்தத்தின் போக்கில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. டாக்டர் விளக்க ஆரம்பிக்கும் முன்பே நிஜாமுக்குப் புரிந்துவிட்டது.

“சமீபத்துல பல்லுல ஏதாவது வேலை பாத்தீங்களாம்மா? முன்னாடி மாத்திரை போட்டீங்களா?” என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.

“போட்டேன் டாக்டர்” என்றாள் தஹ்மீனா. நிஜாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வெளியே வந்ததும் பின்னாலேயே போய், நடைபாதையில் நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கடைசிவரை கேட்டார். திட்டுவார் என்று நிஜாம் காத்திருந்தார். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அந்த நேரத்துல மருந்து ரத்தத்துல இருந்திருந்தா தடுத்திருக்கலாம் பாய். இருந்தும் தடுக்காமப் போயிருக்கலாம். தினம் பல் விளக்கும்போதுகூடக் கொஞ்சம் கிருமி உள்ள போகத்தான் செய்யும். இதனாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது” என்றார். எது கெட்டாலும் எதனால் கெட்டது என்று ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நம்பி வாழ்ந்தவர் நிஜாம். தான்தான் செய்தேன் என்று அழக்கூட அவருக்கு உறுதியான இடம் கிடைக்கவில்லை.

இரவும் பகலும் ஊசி வழியாக மருந்து ஏறியது. காய்ச்சல் இறங்கியது, ஏறியது. ஒரு காலையில் அவளுடைய வலது கைவிரல்கள் மரத்து, டம்ளர் நழுவியது. பாசியின் துணுக்கு ஒன்று பிய்ந்து மூளைக்கு ஓடியிருக்கிறது என்றார்கள். பிறகு வால்வின் தையலே தளர ஆரம்பித்துவிட்டது, ரத்தம் பக்கவாட்டில் பின்னால் ஒழுகுகிறது என்றார்கள். மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும். “தொற்று இருக்கும்போது ரெண்டாவது தடவை திறக்கிறது… நம்பிக்கை ரொம்பக் கம்மிதான். திறக்கலைன்னா அதுவும் இல்ல” என்றார் ஜெயச்சந்திரன். நாஜியா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நிஜாம் தலையை ஆட்டிவிட்டுக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டிய நாளில் கொஞ்ச நேரம் அவரை அவளோடு இருக்கவிட்டார்கள். நாஜியா தொழப் போயிருந்தாள். சொல்லாமல் அனுப்பிவிடக் கூடாது என்று அவர் முடிவு செய்திருந்தார். சொன்னால் தாங்குவாளா என்ற பயத்தை அன்றோடு ஓரம் கட்டிவிட்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மரத்துப்போன அவள் விரல்களை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“தஹ்மீனா, அந்த மாத்திரைய நான் சஹர்ல போடச் சொன்னேம்லா. அது தப்பு. எனக்கு வெளங்கல. நான் தொட்டின்னு நெனச்சேன்…”

“தெரியும்” என்றாள் அவள். குரல் காகிதம் உரசுவதுபோல வந்தது. “அன்னைக்கே தெரியும்.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“பல் ஆஸ்பத்திரில ஒரு பொண்ணு இருந்துச்சுல்ல, கூடமாட நிக்கிற பொண்ணு. நீங்க கீழ வண்டி நிறுத்தப் போயிட்டீக. மாத்திரை எப்பக்கா போட்டீகன்னு கேட்டுச்சு. சும்மா கேக்கல, வெவரமா கேட்டுச்சு. ஒரு மணி நேரம் முன்னாடி போட்டாத்தான் பிடுங்குவாக, இல்லன்னா இங்கனயே போட்டுட்டு ஒக்காந்திருக்கணும்னு சொல்லுச்சு.” மூச்சு வாங்கி நிறுத்தினாள். “இப்பத்தான் போட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டேன்.”

“ஏம்மா…”

“நோன்பு போயிருமேன்னுதான். பாதிப் பொழுது வச்ச நோன்பு. வாசல் வரைக்கும் கொண்டுவந்துட்டு விடணுமான்னு இருந்துச்சு. பெருநாளுக்கு வேற எல்லாரும் வாராக.” அவள் கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கக் கை எழவில்லை. “நீங்க சொன்னதுல ஒண்ணுமில்ல. நோன்பு வச்ச வாயால பொய் சொன்னேன்ங்க. அந்தப் பொண்ணு அதுக்கு மேல கேக்கல, நம்பிருச்சு. அதுதான் எனக்குக் கிடந்து அறுக்குது.”

நிஜாம் அவள் கண்ணோரத்தைத் தன் சட்டைக் கையால் ஒற்றினார். அவர் தூக்கிக்கொண்டு வந்த பாரம் இறங்கவில்லை, அவளிடமும் அதேபோல ஒன்று இருந்தது என்று தெரிந்ததுதான் மிச்சம்.

“அந்த நோன்பு கூடியிருக்குமா?” என்றாள்.

“கூடும். பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்.”

“இனி எப்பக் கேக்கப் போறீக?” என்று லேசாக உதட்டைக் கோணினாள். பழைய சிரிப்பின் ஓரம் அதில் தெரிந்தது. “நான் பாத்துக்கிட்டேன். நேத்து ராவு நர்ஸ் வந்து, இனிமே பச்சத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது, ஆபரேஷன் முடியிற வரைக்கும் வயிறு காலியா இருக்கணும்னு சொல்லிட்டுப் போச்சுல்ல. எப்படியும் பட்டினிதானன்னு நிய்யத் வச்சுட்டேன். அந்த ஒண்ணுக்குக் களா.”

நிஜாம் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே கண்ணாடிக் குப்பியிலிருந்து மருந்து குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. அடுத்தது திரண்டது. வடிய வடிய நிரப்பிக்கொண்டே இருப்பதற்கான ஏற்பாடு. இது இருக்கும்போது அந்த நோன்பு சேருமா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குனிந்து அவள் நெஞ்சுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். இத்தனை வருஷம் கேட்ட டிக் என்ற அந்தத் துல்லியமான சத்தம் இல்லை. ஈரத் துணிக்குள் வைத்த கடிகாரம்போல, மொத்தையாக, தூரத்திலிருந்து ஏதோ ஒன்று தட்டிக்கொண்டிருந்தது.

தள்ளுவண்டியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். நர்ஸ் தஹ்மீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “உதடு இப்படி வெடிச்சுக் கெடக்கே” என்று சின்னக் கிண்ணத்தில் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு குனிந்தாள். “குடிக்கத்தான் கூடாது, இது பரவாயில்லம்மா. லேசா ஒத்தி விடுறேன்.”

பஞ்சு உதட்டுக்கு அருகில் வந்தது. அதன் நுனியில் ஒரு துளி திரண்டிருந்தது. தஹ்மீனா உதடுகளை இறுக்கிக்கொண்டு, மெதுவாக, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.